பாடல் பரவிய பிறகு எழுந்த பங்குச் சிக்கல்: ஒரு சிங்கப்பூர்த் தமிழ் ராப்பர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

சிங்கப்பூரின் வட வட்டாரத்தில் வளர்ந்த ஒரு தமிழ் ராப்பர் வெளியிட்ட பாடல் எதிர்பாராத அளவு பரவியபின், அதன் உரிமை குறித்து அவருக்கும் அவருடன் சேர்ந்து பாடலை உருவாக்கியவர்களுக்கும் இடையே எழுந்த சிக்கலையும் அது தீர்ந்த விதத்தையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. இளையர் இசைக்குழுக்களுக்கு நிர்வாக உதவி செய்யும் தொண்டூழியர் குழு என்ற முறையில் நாங்கள் இதில் இடையில் நுழைந்தோம். எங்களுள் வழக்கறிஞர் எவரும் இல்லை என்பதால், சட்டம் சார்ந்த கேள்விகளை இலவசச் சட்ட ஆலோசனை நேரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோய்த் தெளிந்த பிறகே அடுத்த அடி வைத்தோம். சம்பந்தப்பட்ட அனைவரும் இப்பதிவுக்கு இசைவு தந்துள்ளனர். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களும் பாடலின் தலைப்பும் நிறுவனங்களும் இங்கே தரப்படவில்லை.

பின்னணி

ராப்பர் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். உயர்நிலை இரண்டில் தமிழ்ப்பாட நோட்டின் கடைசிப் பக்கங்களில் எதுகை தேடி எழுதத் தொடங்கி, சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சிகளிலும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா மேடைகளிலும் பாடிப் பழகினார். அவருடைய தலைமுறைக்குத் தமிழில் ராப் பாடலாமா என்ற தயக்கமே இருக்கவில்லை. பக்கத்து நாடான மலேசியாவில் யோகி பி & நட்சத்ரா குழு 2006இல் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டு, தமிழ் ராப் தனியாகவே ஒரு தொகுப்பைத் தாங்கும் என்று காட்டியிருந்தது. 2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தின் பாடல் ஒன்றில் சிங்கப்பூரைச் சேர்ந்த லேடி காஷ் ராப் எழுதிப் பாடியிருந்தார். 2018இல் சிங்கப்பூர் ராப்பர் யங் ராஜாவின் ‘முஸ்தஃபா’ வெளிவந்தபோது தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் கலக்கும் சிங்கப்பூர் இளையரின் பேச்சே பாட்டாகியிருந்தது. அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட டெஃப் ஜாம் தென்கிழக்காசியா இசை நிறுவனத்தின் கலைஞர் வரிசையிலும் அவர் இடம்பெற்றார்.

இவர்களுடைய இசை வாழ்க்கையை நம் ராப்பர் நன்கு அறிவார். எந்த ஆண்டு, எந்தப் பாடல், எந்த மேடை என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். ஆனால் புகழ்பெற்ற ராப்பர் ஒருவரின் வாழ்க்கைக் கதை என்று நாம் பகிர்ந்துகொள்வதில் ஒப்பந்தம், பதிவு, பங்கு என்னும் பகுதி பெரும்பாலும் இருப்பதே இல்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கு அந்த வெற்றிடமே காரணம் என்பது எங்கள் கணிப்பு.

தேசிய சேவையின்போது ஒரே முகாமில் இருந்த மற்றோர் இளையர்தான் பாடலுக்கு இசையமைத்தவர். ஓஆர்டி எனப்படும் சேவை நிறைவு நாள் முடிந்ததும் ராப்பர் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் மாற்றுநேர வேலைக்குச் சேர்ந்தார். இசையமைப்பாளர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபடி வார இறுதிகளில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைத்துத் தரும் வேலை செய்தார். மூன்றாமவர், பல ஆண்டுகள் கர்நாடக இசை பயின்ற பல்கலைக்கழக மாணவி. இசையமைப்பாளரின் தங்கைக்குத் தோழி என்ற வழியில் வந்தவர்.

பாடல் உருவான விதம்

பாடலின் பொருள் ராப்பரின் தாத்தா. செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவர், 1968இல் பிரிட்டிஷார் பட்டறையைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறத் தொடங்கிய காலத்தில், வேலை நிலைக்குமா என்று தெரியாமல் கழித்த மாதங்களைப் பேரனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் வெர்ஸ் (ராப் சரணம்) அந்த மாதங்களைப் பற்றியது. இரண்டாவது வெர்ஸ், கிடங்கில் ஒப்பந்த வேலை பார்க்கும் பேரனின் நிலையைத் தாத்தாவின் நிலையோடு சேர்த்துப் பேசுகிறது. எழுத்தாக இது தரமான பாடல். எங்கள் குழுவில் ராப் கேட்காத மூத்தவர்கள்கூட முதல் வெர்ஸைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒலிப்பதிவு இசையமைப்பாளரின் படுக்கையறையில் நடந்தது. எதிரொலி வராதிருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்து, தொங்கும் துணிகளுக்குள் மைக்கை வைத்திருந்தார்கள். 1970களின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றில் வரும் நாகசுரத் துணுக்கை இசையமைப்பாளர் இணையக் காணொளியிலிருந்து எடுத்து, நிமிடத்துக்கு 76 தட்டு என்றிருந்த வேகத்தை 90க்கு ஏற்றினார். வேகம் கூடியதில் சுருதியும் ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் ஏறி, நாகசுரம் அடையாளம் தெரியாத ஒரு குழலொலி போல் ஆயிற்று. இரண்டு பார் (எட்டுத் தட்டு) நீளமுள்ள அந்தத் துணுக்கு, அதாவது 5 வினாடிக்குச் சற்றே கூடுதலான ஒலி, பாடல் முழுவதும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹூக் எனப்படும் பல்லவிப் பகுதிக்கு ராப்பர் நான்கு வரி எழுதிவைத்திருந்தார், மெட்டு இல்லை. மாணவி அந்த இரவே மெட்டை முணுமுணுத்துப் பார்த்துப் பாடிக் கொடுத்தார். மூவரும் கீழே இறங்கிப் பராட்டா சாப்பிட்டுவிட்டுப் பிரிந்தார்கள். பணம் பற்றியோ பங்கு பற்றியோ யாரும் பேசவில்லை.

வெளியிடும் வேலையை ராப்பர் தம் பெயரிலிருந்த, பாடல்களை இசைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகக் கணக்கு வழியே செய்தார். கலைஞர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகிய மூன்று கட்டங்களிலும் தம் பெயரையே நிரப்பினார். தயாரிப்பு என்ற கட்டத்தில் நண்பரின் புனைபெயர் இருந்தது. பாடகியின் பெயர் யூடியூப் காணொளியின் விவரக்குறிப்பில் மட்டும் வந்தது. பின்னர் விசாரித்தபோது இதில் உள்நோக்கம் எதுவும் தெரியவில்லை. நள்ளிரவில் படிவத்தை முடிக்கும் அவசரத்தில், நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத கட்டங்களில் தம் பெயரைத் தட்டிவிட்டிருக்கிறார்.

சிக்கல் வெளிப்பட்ட வரிசை

முதல் வெர்ஸின் 16 பார், 90 வேகத்தில் ஏறக்குறைய 43 வினாடி ஓடும். குறுங்காணொளிகளுக்கு அது வாகான நீளம். தாத்தா பாட்டிகளின் பழைய புகைப்படங்களுக்குப் பின்னணியாகப் பலரும் அப்பகுதியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இங்கிருந்து மலேசியாவுக்கும் பிறகு தமிழ்நாட்டுக்கும் பாடல் போயிற்று. மேடை அழைப்புகள் வந்தன. பேட்டி ஒன்றில் ராப்பர் “என் பாட்டு” என்று பலமுறை சொன்னதை இசையமைப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, ஏறத்தாழ ஒரே வாரத்துக்குள் இரண்டு நிகழ்ந்தன. உணவுப்பொருள் நிறுவனம் ஒன்று தன் தீபாவளி விளம்பரத்துக்கு ஹூக் பகுதியைக் கேட்டு, விளம்பர முகவை வழியாக ஓர் ஒப்பந்தத்தை அனுப்பியது. பாடலின் எல்லா உரிமையும் தம்முடையதே என்று ராப்பர் உறுதி கூற வேண்டும், வேறு யாரேனும் உரிமை கோரினால் வரும் இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்பது அதிலிருந்த முக்கிய நிபந்தனை. அதே வாரத்தில், பழைய திரைப்பாடலின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருக்கும் இந்திய நிறுவனத்தின் சார்பில் பிறருக்கு உரிமையுள்ள ஒலியைத் தானாகவே கண்டறியும் யூடியூப்பின் கான்டென்ட் ஐடி முறை காணொளியை அடையாளம் கண்டு, அதன் விளம்பர வருவாயை அந்நிறுவனத்துக்குத் திருப்பியது. மூன்று அரைச்சுரம் ஏறியிருந்தும் இயந்திரம் ஏமாறவில்லை.

விளம்பரம் பற்றி இசையமைப்பாளருக்கு ராப்பரே சொன்னார். பாடகிக்கோ உறவினர் ஒருவர் வழியாகத்தான் தெரிந்தது. ராப்பர் எங்களிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கான்டென்ட் ஐடி கோரிக்கைக்கு மறுப்பு எழுதித் தர முடியுமா? சிக்கல் வெளியே இருக்கிறது, உள்ளே எல்லாம் சரி என்பது அவர் எண்ணம். நாங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, அவருடன் பணியாற்றிய மற்ற இருவரிடமும் தனித்தனியே பேச அனுமதி கேட்டோம். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

நாங்கள் கண்டவை

முதலில் சாம்பிள், அதாவது பிறர் ஒலிப்பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்த துணுக்கு. ஏழு வினாடிக்குக் குறைவான ஒலியை யாரும் எடுக்கலாம் என்று ராப்பரும், சுருதியை மாற்றிவிட்டால் அது புது ஒலியாகிவிடும் என்று இசையமைப்பாளரும் நம்பியிருந்தார்கள். இந்த வினாடிக் கணக்கு இளையரிடையே வெகுவாகப் புழங்குகிறது. சட்டத்தில் அப்படியொரு கோடு கிடையாது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் நியாயப் பயன்பாடு என்ற விலக்கு இருந்தாலும், வணிக நோக்கம், எடுத்த பகுதியின் அளவும் முக்கியத்துவமும், மூலப்படைப்பின் சந்தைக்கு ஏற்படும் விளைவு ஆகியவை அதில் பார்க்கப்படுகின்றன. பாடல் முழுவதும் சுழலும் துணுக்கை விளம்பரத்துக்கு விற்கும் நிலையில் அந்த விலக்கை நம்பி நிற்க முடியாது என்று வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்.

ஒரு திரைப்பாடலில் இரண்டு உரிமைகள் அடுக்காக இருப்பதையும் இங்கே விளக்க வேண்டியிருந்தது. மெட்டும் வரிகளும் ஓர் உரிமை (படைப்புரிமை), பதிவான ஒலி மற்றோர் உரிமை (ஒலிப்பதிவு உரிமை). சாம்பிள் எடுப்பவர் இரண்டுக்கும் அனுமதி பெற வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியீட்டுக்குப் பிறகு 60 ஆண்டு நீடிக்கும் என்பதால், 1970களின் பாடல் பழைய பாடல் என்பதாலேயே பொதுச்சொத்து ஆகிவிடாது. காம்பஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும், 1987இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூரின் இசை உரிமை அமைப்பிடம் பணம் கட்டினால் போதாதா என்றும் ராப்பர் கேட்டார். அவ்வமைப்பு மேடையிலும் வானொலியிலும் இசைப்படைப்புகள் ஒலிப்பது போன்ற பயன்பாடுகளுக்கு உரிமம் தருகிறது. வேறொரு நிறுவனத்தின் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டும் அனுமதி அதன் கையில் இல்லை. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அனுமதியின்றிச் சாம்பிள் எடுத்த பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததிலிருந்தே பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு துணுக்குக்கும் எழுத்தில் அனுமதி பெறும் பழக்கத்துக்கு மாறின. படுக்கையறையில் பதிவு செய்யும் இளையரிடம் அந்தப் பழக்கம் இன்னும் வந்து சேரவில்லை.

இரண்டாவது, மூவருக்கும் இடையிலான பங்கு. இதுதான் கடினமானது. சாம்பிள் சிக்கலில் எதிரில் இருந்தது முகம் தெரியாத நிறுவனம்; இங்கே இருந்தவர்கள் ஒரே முகாமில் ஒன்றாகக் காவல் நின்றவர்கள். தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் மூவரையும் சேர்த்து உட்காரவைத்தோம். இசையமைப்பாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அண்ணே, பீட்டு என் லேப்டாப்ல இருந்து வந்துச்சு. மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் நான். இவன் ஒரு ராத்திரி வந்து பேசிட்டுப் போனான். பேரு முழுக்க இவனுக்கு.” ராப்பர் குரலை உயர்த்தாமல், “தாத்தா என் தாத்தாடா. அந்தக் கதைய நீ எழுதிடுவியா?” என்றார். 2021இல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலின் உருவாக்கத்தில் யாருடைய பங்கு எது என்று அதில் பணியாற்றியவர்களிடையே பொதுவெளியிலேயே எழுந்த கருத்து வேறுபாட்டை இருவரும் மாறி மாறி மேற்கோள் காட்டினார்கள், ஒரே நிகழ்வை இரு தரப்புக்கும் சான்றாக. அதுவரை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த பாடகி, “ஹூக்குக்கு டியூன் யாரு போட்டானு இன்னும் யாருமே கேக்கல” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை இசையமைப்பாளரின் கைப்பேசியிலேயே இருந்தது. பதிவு நடந்த இரவில் அவர் நினைவுக்காக எடுத்துவைத்த குரல்பதிவில், அவர் கீபோர்டில் இரண்டு சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருக்க, பாடகி அதே நான்கு வரியை மூன்று விதமாகப் பாடிப் பார்ப்பதும், மைக்குக்கு அப்பாலிருந்து ராப்பர் “ரெண்டாவது, ரெண்டாவது” என்று சொல்வதும் தெளிவாகக் கேட்கின்றன. மேசையில் கைப்பேசியை வைத்து நால்வராக அதைக் கேட்டோம். விளம்பர நிறுவனம் விலை பேசிய அந்த மெட்டு பாடகியுடையது என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் ஐயமில்லை.

மூன்றாவது கண்டது சிறியது, ஆனால் அவசரமானது. விநியோக நிறுவனத்துடன் ராப்பர் கணினியில் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளிலும், பதிவேற்றும் ஒலியின் எல்லா உரிமையும் தம்மிடம் உள்ளது என்ற உறுதிமொழி இருந்தது. விளம்பர ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கியவர், அதே உறுதியை ஒரு பொத்தானை அழுத்தி முன்பே தந்திருந்தார்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

கான்டென்ட் ஐடி கோரிக்கையை மறுப்பதில்லை என்பது முதல் முடிவு. கோரிக்கை வந்த 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருவாய் யாருக்கும் போகாமல் தனியே நிறுத்திவைக்கப்படும் என்பதால் மறுத்துப் பார்க்கலாமே என்ற ஆசை ராப்பருக்கு இருந்தது. ஆனால் மறுப்பைப் பரிசீலிக்க உரிமையாளருக்கு 30 நாள் உண்டு. அவர் காணொளியை நீக்கக் கோரினால் அது பதிப்புரிமை எச்சரிக்கையாகிறது. 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் அலைவரிசையே மூடப்படும். ஆதாரமில்லாத மறுப்புக்காக, ஆண்டுக்கணக்கில் சேர்த்த அலைவரிசையைப் பணயம் வைப்பதில் பொருளில்லை. அந்நிறுவனம் காணொளியைத் தடுக்காமல் வருவாயை மட்டும் எடுத்துக்கொண்டதால், காணொளி அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

பாடல் ஒலிபரப்புச் செயலிகளிலிருந்து பாடலை விலக்கிக்கொள்வது இரண்டாவது முடிவு. இதற்கு ராப்பர் இரண்டு இரவு உறங்கவில்லை என்று அவருடைய தாயார் பின்னர் எங்களிடம் சொன்னார். ஆனாலும் தவறென்று தெரிந்த பிறகு உறுதிமொழியை நிலைக்கவிட முடியாது என்பதில் வழக்கறிஞரும் நாங்களும் ஒத்திருந்தோம். விளம்பரத்துக்குக் கையெழுத்திடாமல், காரணத்தைச் சுருக்கமாக எழுதிக் கால அவகாசம் கேட்டோம்.

மூன்றாவதாக, சாம்பிளுக்கு முறைப்படி அனுமதி கேட்டு அந்த இந்திய நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கு எழுதினோம். நெடுநாள் கழித்து வந்த பதில் மரியாதையாகவே இருந்தது. முன்பணமும் புதிய பாடலின் படைப்புரிமையில் பெரும்பகுதியும் கேட்டார்கள். முன்பணம் கிடங்கு வேலையின் சேமிப்புக்கு எட்டாத தொகை. அதைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை, அவர்கள் உடைமைக்கு அவர்கள் விலை வைக்கிறார்கள்.

அப்போது இசையமைப்பாளர் வேறொரு வழி சொன்னார்: அதே துணுக்கை உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு மீண்டும் வாசித்துப் பதிவு செய்தால் என்ன? ஒலிப்பதிவு உரிமை பற்றிய சிக்கல் அதனால் நீங்கும், மெட்டின் உரிமை நீங்காது. ராப் இசைக்கு இது புதிதன்று. 1979இல் ஷுகர்ஹில் கேங் குழு வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடலில், ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாடலிலிருந்த பேஸ் ஓட்டத்தைப் பழைய ஒலியிலிருந்து எடுக்காமல் இசைக்கலைஞர்களே மீண்டும் வாசித்தார்கள். அப்படியும் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரின் பெயரையும் படைப்பாளராகச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதே பாடலில் ஒரு ராப்பர் பாடிய வரிகள் பலவும் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. அவருக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. ராப்பை உலகறியச் செய்த பாடலிலேயே நம் மூவரின் இரண்டு சிக்கலும் இருந்தன என்று சொன்னபோது கோப்பிக்கடையில் முதன்முறையாக மூவரும் சிரித்தார்கள். பழைய மெட்டை அறவே விட்டுவிட்டு, புதிய நாகசுரப் பகுதி ஒன்றை உருவாக்குவது என்று முடிவாயிற்று. கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் வாசிக்கும் ஒரு கலைஞர் ஒருமுறைப் பதிவுக்கு ஊதியம் பேசி வந்தார்; தம் வாசிப்பைப் பயன்படுத்த எழுத்தில் இசைவும் கொடுத்தார்.

நான்காவது முடிவு பங்கு. படைப்புரிமையையும் ஒலிப்பதிவு உரிமையையும் ஒரே பேச்சில் கலக்காமல், இரண்டு நாள் இரண்டு தாளில் பேசவைத்தோம். எவருடைய உழைப்பு எதில் போயிற்று என்று பிரித்துப் பார்த்தால் கோபம் குறையும் என்று எதிர்பார்த்தோம், குறையவும் செய்தது. படைப்புரிமையில் வரிகளுக்கு 50 விழுக்காடு ராப்பருக்கு, இசைக்கான 50 விழுக்காட்டில் இசையமைப்பாளருக்கு 35, ஹூக் மெட்டுக்காகப் பாடகிக்கு 15. ஒலிப்பதிவில் ராப்பருக்கும் இசையமைப்பாளருக்கும் தலா 45, பாடகிக்கு 10. பாடகிக்கு மெட்டுக்கான பங்கு இன்னும் கூடுதலாக இருந்திருக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து, ஏனெனில் விலை பேசப்பட்டதே அந்த மெட்டுக்குத்தான். ஆனால் அவர் 15 போதும் என்று தாமே சொன்ன பிறகு அதில் நாங்கள் தலையிடவில்லை. உரிமையாளர் பலராக இருக்கும் படைப்பை ஒருவர் மட்டும் பிறருக்கு உரிமம் தர முடியாது என்பதால், விளம்பரம் போன்றவற்றுக்கு மூவரும் கையெழுத்திட வேண்டும், 7 நாளுக்குள் பதில் சொல்லாதவர் மறுத்ததாகவே கொள்ளப்படும் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

பெயர் பற்றிய முடிவுக்கு விவாதமே தேவைப்படவில்லை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது படைப்பாளரும் நிகழ்த்துநரும் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. பாடகியின் பெயர் விவரக்குறிப்பிலிருந்து பாடலின் கலைஞர் வரிக்கு ஏறியது.

பின்னர் நடந்தவை

விளம்பர நிறுவனம் காத்திருக்கவில்லை. தீபாவளி நாள் தள்ளிப்போகாது. அவர்கள் வேறொரு பாடலை எடுத்துக்கொண்டார்கள். ராப்பர் இழந்த பெரிய தொகை இதுதான், அவருக்கு அது இப்போதும் வருத்தம்.

புதிய பதிப்பு முந்தையதைவிட மெதுவாகவே பரவியது. புதிய ஒலிப்பதிவுக்குப் புதிய ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் தனியே தரப்படும் அடையாள எண்) என்பதால், பழைய பதிப்பு சேர்த்த எண்ணிக்கையும் பாடல் பட்டியல்களில் பிடித்திருந்த இடமும் கூட வரவில்லை. ஸ்பாட்டிஃபை 30 வினாடியைத் தாண்டினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கிடுகிறது. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு அங்கே தொகையும் கிடையாது. அந்த எல்லையைப் புதிய பதிப்பு தாண்டியது, ஆனால் குறுங்காணொளிகளில் இன்றும் சுற்றுவது பழைய ஒலிதான். பிறர் பதிவேற்றிய அந்த நகல்களை நீக்க முடியவில்லை. அவற்றின் வருவாயும் இவர்களுக்கு வராது.

காம்பஸில் மூவரும் உறுப்பினராகி, பங்குகளைப் பதிந்தார்கள். வானொலியில் பாடல் ஒலித்ததற்கான முதல் தொகை வந்தபோது அது பெரிதாக இல்லை என்றாலும், யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழவில்லை. அடுத்த தமிழ்மொழி விழாக் காலத்தில் ஒரு மேடையில் மூவரும் சேர்ந்து அதைப் பாடினார்கள். ராப்பரும் இசையமைப்பாளரும் முன்போல் தினமும் சந்திப்பதில்லை. இசையமைப்பாளர் இப்போது வேறு கலைஞர்களுக்கும் பீட் செய்து தருகிறார். ராப்பர் அடுத்த பாடலை இன்னொருவருடன் செய்தார். எங்களில் சிலர் இதைத் தோல்வியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேசிய சேவைக் கால நட்பு வேலை உறவாக மாறும்போது இடைவெளி விழுவது இயல்புதான்.

எதிர்பாராத ஒன்று பதிவுக்குப் பல மாதம் கழித்து நடந்தது. நாகசுரக் கலைஞருக்கு வாசிப்புக்கான ஊதியம் தந்து இசைவு பெற்றிருந்தோம் அல்லவா? பதிவு நாளில் இசையமைப்பாளர் அவருக்கு ராகத்தையும் தாளக்கட்டையும் மட்டுமே சொல்லியிருந்தார். பாடலில் சுழலும் இரண்டு பார் மெட்டை அவர் அங்கேயே வாசித்து உருவாக்கினார். வாசிப்புக்கு ஊதியம் கொடுத்தாயிற்று, மெட்டுக்கு யாரும் எதுவும் பேசவில்லை. இதைச் சுட்டிக்காட்டியது நாங்கள் அல்லோம், இசையமைப்பாளர். பதிவின் ஒலிக்கோப்புகளைத் திரும்பக் கேட்டபோது தமக்கே உறுத்தியதாகச் சொல்லி, தம் 35 விழுக்காட்டிலிருந்து 5ஐ அவருக்கு ஒதுக்கச் சொன்னார். மற்ற இருவரும் தங்கள் பங்கிலிருந்தும் எடுக்கலாம் என்றதற்கு, இசைப் பகுதியில் வந்தது இசைப் பகுதியிலிருந்தே போகட்டும் என்றுவிட்டார். 50, 30, 15, 5 என்று பதிவு திருத்தப்பட்டது. நாகசுரக் கலைஞர், “கல்யாணத்துல வாசிச்சா கணக்கு அன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி, இது என்ன ஆயுசு முழுக்க வருதா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்.

மாற்றிக்கொண்டவை

எங்களிடம் வரும் குழுக்களுக்கு இப்போது ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தருகிறோம். வரி யாருடையது, மெட்டு யாருடையது, பீட் யாருடையது, பிறர் ஒலி ஏதேனும் கலந்துள்ளதா, பதிவுக்கு யார் செலவு செய்தார் என்ற கேள்விகளுக்குப் பதிவு நடந்த அறையை விட்டு வெளியேறுமுன் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விழுக்காட்டை அன்றே முடிவு செய்யச் சொல்வதில்லை. யார் எதைச் செய்தார் என்பது அந்த இரவில் எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும். எண்ணைப் பிறகு பேசலாம், ஆனால் வெளியீட்டுப் படிவத்தை நிரப்புமுன் பேசியாக வேண்டும். பதிவின்போது கைப்பேசியில் எடுக்கும் குரல்பதிவுகளை அழிக்காமல் வைக்கச் சொல்கிறோம். ஊதியம் பெற்று வாசிக்க வருபவருக்கான இசைவுத் தாளில், மெட்டு முன்பே கொடுக்கப்பட்டதா, அவரே உருவாக்கினாரா என்ற வரி நாகசுரக் கலைஞருக்குப் பிறகு சேர்ந்தது. 21 வயது நிறையாதவர் என்றால் பெற்றோரையும் அழைத்துப் பேசுகிறோம்.

சாம்பிள் எடுப்பதையே நம் குழுக்களில் தடை செய்யலாம் என்று ஒரு தொண்டூழியர் வற்புறுத்தினார். அது ஏற்கப்படவில்லை. 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் டிஜே கூல் ஹெர்க் பழைய இசைத்தட்டுகளின் தாளப் பகுதிகளை நீட்டி ஒலிக்கவிட்டதிலிருந்து வளர்ந்த கலையில் பழைய ஒலியைத் தொடாதே என்பது வீட்டுக்குள் விளையாடு, சத்தம் போடாதே என்பது போன்றது. அதற்குப் பதிலாக, துணுக்கு எந்தப் பாடலின் எந்த வினாடியிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறித்துவைத்து, வெளியிடுமுன் அனுமதி கேட்பது அல்லது புதிதாக வாசித்து மாற்றுவது என்ற இரண்டில் ஒன்றை முடிவு செய்யச் சொல்கிறோம்.

ஒரு விஷயத்தில் எங்கள் குழுவே இன்னும் பிரிந்து நிற்கிறது. அறையில் இருந்த அனைவருக்கும் சமபங்கு என்பதைப் படிவத்தின் இயல்பான விதியாக வைத்து, வேறு விதமாக வேண்டுவோர் மாற்றிக்கொள்ளட்டும் என்பது ஒரு தரப்பு. அப்படி வைத்தால் தாத்தாவின் கதையை எழுதியவரும் அன்று தேநீர் வாங்கி வந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள் என்பது மறுதரப்பு. இப்போதைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம், நிரப்பாமல் கையெழுத்திட முடியாது என்ற குறிப்போடு.